களைகொல்லி: மூடிக் கணக்கும் அளவுக் கணக்கும்

(மட்டக்களப்பு வாவிக்கரைக் கிராமமொன்றில், தோட்டத்திலிருந்து வந்திருந்த குடும்பங்களுக்கும் இங்கே குடியேறி வாழும் அவர்களது உறவினருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த சொற்கள் சிலவற்றை அப்படியே விட்டிருக்கிறோம்.)

 

விடியச் சாமத்தில் பஸ் ஏறி, மலையிறங்கி வந்திருக்கிறீர்கள். களைப்பு இருக்கும். நித்திரை வரும்படி நாங்கள் பேசப் போவதில்லை. கணக்குத்தான் பேசப் போகிறோம். கணக்கு என்றதும் சில தம்பிமார் முகத்தைத் திருப்புவது தெரிகிறது! பயப்பட வேண்டாம். கடைக்குப் போய் மிச்சக் காசு எண்ணி வாங்கத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கும் தெரியும்.

முதலில் இந்த மேசையைப் பாருங்கள். மூன்று மூடி வைத்திருக்கிறோம். மூன்றும் களைகொல்லிப் போத்தல் மூடிகள். இங்கே வயல் பக்கத்தில் "எண்ணெய் அடிக்கிறது" என்பார்கள், தோட்டத்தில் "மருந்து அடிக்கிறது" என்பீர்கள். பெயர் எதுவானாலும் பழக்கம் ஒன்றுதான். "தாங்கிக்கு எத்தனை ஊத்துற?" என்று கேட்டால், "மூணு மூடி" என்று பதில் வரும். எந்த மூடி என்று யாரும் கேட்பதில்லை.

இப்போது இந்த மூன்று மூடியிலும் வெறுந்தண்ணீர் நிரப்பி, மருந்துக்கடையில் வாங்கிய அளவுக் குப்பியில் ஊற்றிப் பார்ப்போம். முன்னால் இருக்கிற அக்கா ஒருவர் வந்து வாசியுங்கள். சின்ன மூடி 9 மில்லிலீற்றர். நடு மூடி 15. பெரிய மூடி 28. சரி, மூன்று மூடி என்றால்? ஒருவர் 27 மில்லிலீற்றர் ஊற்றியிருப்பார், இன்னொருவர் 45, மற்றவர் 84. மூன்று பேருமே "நான் மூணு மூடிதான் ஊத்தினேன்" என்று சத்தியம் பண்ணுவார்கள். மூவர் சொல்வதும் உண்மைதான். ஆனால் ஒருவர் வளவில் புல் சாகாது, இன்னொருவர் வளவில் புல்லோடு மிளகாயும் சாகும்.

இதுதான் மூடிக் கணக்கு. இதை விட்டுவிட்டு அளவுக் கணக்கைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லத்தான் நாங்கள் வந்திருக்கிறோம்.

நாங்கள் ஏன் இதைப் பேசுகிறோம்?

எங்களில் பலருடைய தாய் தகப்பன் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு இந்தப் பக்கம் வந்தவர்கள். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, படுவான்கரை வயல் வட்டைகளிலே கூலிக்கு நின்றார்கள். பிறகு மெல்ல மெல்ல வளவு எடுத்து, பூவல் தோண்டி, கத்தரி, மிளகாய், வெண்டி போட்டார்கள். ஆகவே லயத்து வாழ்க்கையும் எங்களுக்குத் தெரியும், வாவிக்கரை வாழ்க்கையும் தெரியும். இரண்டு இடத்திலும் ஒரே தப்பைத்தான் செய்கிறோம்.

பெரிய வேலைக்கு வாங்கிய மருந்தில் கொஞ்சத்தை வீட்டுத்தோட்டத்துக்கு என்று கொண்டு வருகிறோம். அங்கே தேயிலை மலைக்கு வந்தது, இங்கே வயலுக்கு வந்தது. கொண்டு வருவது எதில்? சோடாப் போத்தலில். லேபல் இல்லை. அளவு தெரியாது. பெயரும் தெரியாது. "புல்லுக்கு அடிக்கிறது" என்பது மட்டும் தெரியும்.

எங்கள் சொந்தத்திலேயே ஒரு பிள்ளைக்கு நடந்ததைச் சொல்கிறோம். வயல் வேலை முடிந்து, மிச்ச எண்ணெயைச் சோடாப் போத்தலில் ஊற்றி, பூவல் பக்கத்து வேலியில் தொங்கவிட்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வெயிலில் ஓடி வந்த பொடியன் எடுத்து ஒரு வாய் வைத்துவிட்டான். கசப்புத் தெரிந்ததும் பாதியைத் துப்பிவிட்டான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து குடித்தான்?" என்பது. ஒருவருக்கும் பதில் தெரியாது. போத்தலில் இருந்த படம் சோடாவின் படம். வாட்டில் பிள்ளை கிடந்த நாளெல்லாம் அவனுடைய தாய் அந்த ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார். கடவுள் புண்ணியத்தில் பிள்ளை தப்பிவிட்டான். அன்றைக்கு நாங்கள் படித்த பாடம், மருந்து தன்னுடைய போத்தலை விட்டு வேறு போத்தலுக்குப் போகவே கூடாது என்பது.

முதலில் லேபலைப் படியுங்கள்

நமது நாட்டில் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன்படி விற்பனைக்கு வரும் ஒவ்வொரு மருந்தும் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். லேபல் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் இருக்க வேண்டும். தமிழ் இல்லாத லேபலோடு ஒருவர் மருந்து விற்றால் வாங்காதீர்கள். அது எங்கிருந்து வந்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

லேபலின் அடியில் ஒரு நிறப்பட்டை இருக்கும். சிவப்பு மிகக் கொடியது. மஞ்சள் அதற்கு அடுத்தது. நீலம் அதிலும் குறைவு. பச்சை எல்லாவற்றிலும் குறைவு. பச்சை என்றால் குடிக்கலாம் என்று அர்த்தமில்லை! பச்சைப் பட்டை போட்டதும் நஞ்சுதான். படிக்கத் தெரியாத பெரியவர்களும் இந்த நிறத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். மற்றதைப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கொண்டு வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்கத்தான் பிள்ளை, போத்தலைத் தொட அல்ல.

லேபலில் நீங்கள் தேட வேண்டியவை நான்கு. எந்தப் பயிருக்கு? எவ்வளவு நிலத்துக்கு எவ்வளவு மருந்து? எவ்வளவு தண்ணீர்? அடித்த பிறகு எத்தனை மணித்தியாலம் மழை பெய்யக் கூடாது, எத்தனை நாள் காய் பறிக்கக் கூடாது?

இரண்டாவதில் ஒரு பொறி இருக்கிறது. சில லேபலில் ஏக்கருக்கு என்று இருக்கும், சிலதில் ஹெக்டேயருக்கு என்று இருக்கும். ஒரு ஹெக்டேயர் என்பது கிட்டத்தட்ட இரண்டரை ஏக்கர். ஹெக்டேயர் அளவைப் பார்த்து ஏக்கருக்கு ஊற்றினால், இரண்டரை மடங்கு நஞ்சை மண்ணில் கொட்டியிருப்பீர்கள். காசும் இரண்டரை மடங்கு போயிருக்கும்.

தண்ணீரால் ஒத்திகை

இனிக் கணக்குக்கு வருவோம். மருந்தை எடுக்கும் முன்பு வெறுந்தண்ணீரால் ஒரு ஒத்திகை பார்க்க வேண்டும். ஏன் தெரியுமா? ஒருவர் வேகமாக நடப்பார், ஒருவர் மெதுவாக. ஒருவர் பம்பை ஓங்கி அடிப்பார், ஒருவர் ஆறுதலாக. நொசில் பழசாகி ஓட்டை பெருத்திருக்கும். ஆகவே ஒரே தாங்கி ஒருவருக்கு 16 பேர்ச்சுக்குக் காணும், இன்னொருவருக்கு 10 பேர்ச்சுக்கும் காணாது.

ஒரு கயிறு எடுங்கள். 33 அடி நீளம், 33 அடி அகலம் அளந்து நான்கு மூலையிலும் தடி நடுங்கள். இது சரியாக 4 பேர்ச். தாங்கியில் வெறுந்தண்ணீர் நிரப்பி, தண்ணீர் நிற்கும் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மருந்து அடிப்பது போலவே அந்த 4 பேர்ச்சையும் அடியுங்கள். பிறகு ஒரு லீற்றர் அளவுச் சாடியால் பழைய மட்டம் வரும் வரைக்கும் தண்ணீர் ஊற்றுங்கள். எத்தனை லீற்றர் பிடித்தது? 4 லீற்றர் பிடித்தால், உங்களுக்கு ஒரு பேர்ச்சுக்கு ஒரு லீற்றர். 6 லீற்றர் பிடித்தால் ஒரு பேர்ச்சுக்கு ஒன்றரை லீற்றர்.

ஒரு ஏக்கர் என்பது 160 பேர்ச். ஒரு பேர்ச்சுக்கு ஒரு லீற்றர் என்றால் ஏக்கருக்கு 160 லீற்றர் தண்ணீர். 16 லீற்றர் தாங்கியால் 10 தாங்கி.

இப்போது லேபலில் ஏக்கருக்கு ஒரு லீற்றர் மருந்து என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காகச் சொல்கிற அளவு மட்டுந்தான். உங்கள் போத்தலில் உள்ளதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். ஒரு லீற்றர் என்பது 1000 மில்லிலீற்றர். 10 தாங்கிக்குப் பிரித்தால் தாங்கிக்கு 100 மில்லிலீற்றர். ஆனால் வீட்டுத்தோட்டத்துக்கு முழுத் தாங்கி வேண்டாமே! 1000ஐ 160ஆல் பிரியுங்கள். ஒரு பேர்ச்சுக்கு 6.25 மில்லிலீற்றர் வரும். உங்கள் வளவில் புல் பிடித்த இடம் 4 பேர்ச் என்றால், 4 லீற்றர் தண்ணீருக்கு 25 மில்லிலீற்றர். அவ்வளவுதான். முழுத் தாங்கி கலக்கிவிட்டு மிச்சத்தை எங்கே ஊற்றுவது என்று முழிக்கத் தேவையில்லை.

"எனக்குப் பேர்ச்சுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர் போகுதே, அப்போ மருந்தும் கூடவா?" என்று பின்னால் ஒரு மாமா கேட்கிறார். நல்ல கேள்வி மாமா. ஏக்கருக்கு இவ்வளவு மருந்து என்று லேபல் சொன்னால், மருந்து நிலத்தைப் பார்த்துப் போகிறது, தண்ணீரைப் பார்த்து அல்ல. உங்கள் 4 பேர்ச்சுக்கு 6 லீற்றர் தண்ணீர் எடுங்கள், மருந்து அதே 25 மில்லிலீற்றர்தான். ஆனால் சில லேபலில் 10 லீற்றர் தண்ணீருக்கு இவ்வளவு என்று போட்டிருக்கும். அப்படியானால் ஏக்கருக்கு எவ்வளவு தண்ணீர் என்றும் அதிலேயே இருக்கும். உங்கள் நடை அந்தத் தண்ணீர் அளவுக்குக் கிட்ட வரும்படி பழகிக்கொள்ள வேண்டும்.

கூட ஊற்றினால் நன்றாகச் சாகும் என்ற நினைப்பை விடுங்கள். இலை நனைந்தால் போதும். இலையிலிருந்து வழிந்து ஓடுவது புல்லுக்குப் போவதில்லை, மண்ணுக்குப் போகிறது. குறைத்து ஊற்றுவதும் சிக்கனம் அல்ல. அரைகுறையாகச் செத்த புல் திரும்பத் துளிர்க்கும், இரண்டாம் தரம் அடிக்க வேண்டி வரும்.

கலக்கும் நேரந்தான் பொல்லாத நேரம்

அடிக்கும்போது கவனமாக இருப்பவர்களும் கலக்கும்போது கவனமில்லாமல் இருக்கிறார்கள். சரியாக மாறி இருக்க வேண்டும். 16 லீற்றர் தண்ணீரில் 100 மில்லிலீற்றர் கலந்தால், மருந்து 160 மடங்கு ஐதாகிவிடுகிறது. அப்படியானால் கலக்கும்போது கையில் படுகிற ஒரு துளி, அடிக்கும்போது படுகிற 160 துளிக்குச் சமம். இதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

கையுறை போடுங்கள், ஓட்டை இல்லாத றப்பர் கையுறை. கண்ணுக்குக் கண்ணாடி. முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை, பூட்ஸ். காற்சட்டையின் கால் பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும். உள்ளே செருகினால் வழிகிற மருந்து பூட்ஸுக்குள் இறங்கும். முகத்தில் கட்டுகிற துணி நனைந்தால் அது மருந்தை மூக்கோடு ஒட்டி வைத்திருக்கும், நனைந்ததும் மாற்றுங்கள். கொழுந்துக்குக் கட்டுகிற படங்கை மருந்துக்கும் கட்டாதீர்கள். முதுகில் தாங்கி ஒழுகினால் உடனே இறக்குங்கள். நனைந்த முதுகோடு நாள் முழுக்க நிற்பது, தோலால் நஞ்சு குடிப்பதற்குச் சமம்.

வெற்றிலை போடுகிறவர்கள் கவனியுங்கள். இது தோட்டத்துக்கும் பொருந்தும், மட்டக்களப்புக்கும் பொருந்தும்! மருந்துக் கையால் வெற்றிலை மடித்து, சுண்ணாம்பு தடவி வாயில் போடுகிறோம். பீடியும் அப்படித்தான். வேலை முடிந்து சவர்க்காரம் போட்டுக் கை கழுவும் வரைக்கும் வாய்க்கு ஒன்றும் போகக் கூடாது.

கலக்குவது வெளியில், காற்று முதுகுப் பக்கம் வீசும்படி நின்று. கிணறு, பூவல், பீலி, வாய்க்கால், வாவி இவற்றுக்குத் தூரத்தில். தண்ணீரை வாளியில் தூக்கிக்கொண்டு தாங்கி இருக்கும் இடத்துக்குப் போங்கள். தாங்கியைத் தண்ணீர் இருக்கும் இடத்துக்குக் கொண்டு வராதீர்கள். குழாய் நுனியைத் தாங்கிக்குள் அமிழ்த்தி விடவும் கூடாது. தண்ணீர் நின்றால் மருந்து குழாய் வழியே திரும்பி ஏறிவிடும்.

தண்ணீர் தெளிந்ததாக இருக்க வேண்டும். கிளைபோசேற் என்ற களைகொல்லி சேற்று மண்ணோடு ஒட்டிக்கொள்ளும் தன்மை உடையது. வாய்க்கால் கலங்கல் தண்ணீரில் கலந்தால் அதன் வலு போய்விடும். உவர்த் தண்ணீரும் உதவாது. பிறகு "மருந்து சரியில்ல" என்று கடைக்காரரோடு சண்டை பிடிப்போம்!

இனி ஒழுங்கு. முதலில் தாங்கியில் பாதித் தண்ணீர். அடுத்து, அளவுக் குப்பியைத் தட்டையான இடத்தில் வைத்து, கண்ணைக் கோட்டுக்கு நேரே கொண்டு வந்து மருந்தை அளக்க வேண்டும். குப்பியைக் கையில் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் கணக்குத் தப்பும். அளந்ததை மெதுவாக, தாழ்வாகப் பிடித்து ஊற்றுங்கள். குப்பியை மூன்று தரம் தண்ணீரால் கழுவி, அந்தத் தண்ணீரையும் தாங்கிக்குள்ளேயே ஊற்றுங்கள். பிறகு மிச்சத் தண்ணீர். தடியால் கலக்குங்கள், கையால் வேண்டாம். தூள் மருந்தாக இருந்தால், முதலில் சின்ன வாளியில் கொஞ்சத் தண்ணீரில் கூழாகக் கரைத்துவிட்டு ஊற்ற வேண்டும். லேபல் சொல்லாமல் இரண்டு மருந்தைச் சேர்த்துக் கலக்கவே கூடாது.

அளவுக் குப்பி, வாளி, தடி மூன்றிலும் சிவப்புப் பெயின்ற் அடியுங்கள். குசினிக் கரண்டியோ, பால்மா ரின்னோ, பிள்ளை தண்ணீர் குடிக்கும் கோப்பையோ இந்த வேலைக்கு வந்தால், திரும்பக் குசினிக்குப் போகக் கூடாது. நொசில் அடைத்தால் வாயால் ஊதுகிறோமே, அது நஞ்சுக்கு முத்தம் கொடுப்பது போல. பழைய பற்தூரிகை ஒன்றை அதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே தாங்கி, இரண்டு வேலை

களுதாவளைப் பக்கம் போனால் மணல் நிலத்தில் வெற்றிலையும் மிளகாயும் மரக்கறியும் செழித்து நிற்பதைப் பார்ப்பீர்கள். அது தண்ணீர் ஊற்றி, குழை தாட்டு, பிள்ளை வளர்ப்பது போல வளர்த்தது. அப்படி வளர்த்த மிளகாயை ஒரு நாளில் கெடுத்த கதை எங்களிடம் இருக்கிறது. வயலில் அகன்ற இலைப் புல்லுக்கு எம்.சீ.பீ.ஏ. அடித்த தாங்கியை, சும்மா ஒரு தரம் அலம்பிவிட்டு மிளகாய்க்குப் பூச்சி மருந்து அடித்தோம். சில நாளில் கொழுந்து சுருண்டு, தண்டு முறுகி, பாத்தி முழுக்க நொண்டியாகிப் போனது. மிளகாயும் அகன்ற இலைதானே! மருந்துக்குப் புல் எது, பயிர் எது என்று தெரியாது.

முடிந்தால் களைகொல்லிக்குத் தனித் தாங்கி. முடியாவிட்டால் சவர்க்காரத் தண்ணீரால் மூன்று தரம் கழுவி, ஒவ்வொரு தரமும் நொசில் வழியாக அடித்து வெளியேற்றுங்கள். கழுவிய தண்ணீர் புல் நிலத்துக்கே போகட்டும்.

காற்றும் மழையும் தண்ணீரும்

இங்கே கச்சான் காற்று வீசத் தொடங்கினால் தொப்பியும் நிற்காது, மருந்தும் நிற்காது. நீங்கள் புல்லுக்கு அடிப்பது பக்கத்து வீட்டு வெண்டிக்குப் போய்விடும். தோட்டத்தில் மலைச் சரிவில் ஏறுகிற காற்றும் அப்படியே. காலை வேளையில் இலை மெல்ல அசைகிற காற்று இருந்தால் அடிக்கலாம். நொசிலை முழங்காலுக்குக் கீழே பிடியுங்கள். மழை இருட்டினால் தாங்கியை இறக்கி வையுங்கள்.

இந்த வாவி ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம் வரை 56 கிலோமீற்றர் நீளம். உன்னிச்சைக் குளத்தண்ணீரும் நவகிரிக் குளத்தண்ணீரும் பாய்கிற வயல்களின் வடிச்சல் கடைசியில் இந்த வாவிக்குத்தான் வருகிறது. இறாலும் நண்டும் மீனும் இதில்தான். எழுவான்கரை மணலிலோ, கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வரும். மேலே ஊற்றியது கீழே இறங்க அதிக நேரம் ஆகாது. நாங்கள் குடிப்பதும் அந்தத் தண்ணீர்தான்.

மலையிலும் இதே கதைதான். மேல் மலையில் மருந்து அடிக்கிறோம், கீழ் லயத்தில் பீலித் தண்ணீர் குடிக்கிறோம். உங்கள் மலைகளில் பிறக்கிற மகாவலி, எத்தனையோ ஊர் கடந்து திருகோணமலை கொட்டியாரக் குடாவில் கடலோடு சேர்கிறது. வழி நெடுகிலும் யாரோ ஒரு தாய் அதில் குடம் அமிழ்த்துகிறாள். நினைத்துப் பாருங்கள்.

தடையும் அனுமதியும்

பெரியவர்களுக்கு கிரமக்சோன் என்ற பெயர் நினைவிருக்கும். பரகுவாற் என்ற களைகொல்லி அது. அதைக் குடித்தவர்களுக்கு மாற்று மருந்தே கிடையாது. நமது நாட்டில் 2008இலிருந்து 2011க்குள் படிப்படியாக அது நிறுத்தப்பட்டது. எங்காவது பழைய போத்தல் கிடந்தால் பாவிக்கவும் வேண்டாம், கொட்டவும் வேண்டாம். கமநல சேவை நிலையத்திலோ விவசாயப் போதனாசிரியரிடமோ அறிவியுங்கள்.

கிளைபோசேற்றுக்கு வேறு கதை. வடமத்திய மாகாணத்துச் சிறுநீரக நோயை முன்னிட்டு 2015இல் தடை வந்தது. நோய்க்கு அதுதான் காரணம் என்று உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. 2018இல் தேயிலைக்கும் றப்பருக்கும் மட்டும் தடை தளர்ந்தது. 2022இல் தடை நீங்கியது. அது புற்றுநோய் உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2015இல் சொன்னது. பல நாட்டுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அறிஞர்கள் வாதாடட்டும். கையுறை போடுவதற்கு நாம் அந்தத் தீர்ப்பு வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

வீட்டில் வைக்கலாமா?

இது கொஞ்சம் மனம் நோகிற விஷயம். ஆனால் பேசாமல் விடக் கூடாது. 1995இல் நமது நாட்டில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் தங்கள் உயிரைத் தாங்களே போக்கிக்கொண்டார்கள். அதில் பெரும் பங்கு இந்த மருந்துப் போத்தலால். 1995இலும் 1998இலும் மிகக் கொடிய பூச்சிகொல்லிகள் தடைசெய்யப்பட்டன. 2005இல் அந்த எண்ணிக்கை 24 ஆகக் குறைந்தது. 1996 தொடக்கம் 2005 வரையான பத்தாண்டில், அதற்கு முந்திய பத்தாண்டைவிட ஏறக்குறைய 20,000 மரணங்கள் குறைவு என்று ஆய்வாளர் கணக்கிட்டிருக்கிறார்கள். இதிலிருந்து என்ன தெரிகிறது? கோபமும் துக்கமும் வருகிற அந்த ஒரு நிமிஷத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாவிட்டால், மனிதர் பிழைத்துக்கொள்கிறார். அந்த நிமிஷம் கடந்துவிடுகிறது.

பூட்டுப் பெட்டி கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில், 50,000க்கு மேற்பட்ட வீடுகளில் அதையும் சோதித்தார்கள். பாதிக் கிராமங்களுக்குப் பெட்டி கொடுத்தும் வித்தியாசம் காணவில்லை என்று 2017இல் முடிவு வெளியானது. சாவி வீட்டில்தானே இருக்கிறது! பிள்ளைகளின் கைக்கு எட்டாமலிருக்கப் பூட்டு வேண்டும், அது சரி. ஆனால் அதைவிட நல்லது, போத்தல் வீட்டிலேயே இல்லாதிருப்பது.

ஆகவே எங்கள் யோசனை இது. வீட்டுக்கு வீடு வாங்காதீர்கள். பத்து வீடு சேர்ந்து, முத்திரை உடைக்காத சின்னப் போத்தல் ஒன்று வாங்குங்கள். பழகிய ஒருவர் எல்லார் வளவுக்கும் அடிக்கட்டும். அவர் கர்ப்பிணியாகவோ, பாலூட்டும் தாயாகவோ, வயது குறைந்த பிள்ளையாகவோ இருக்கக் கூடாது. மிச்சம் இருந்தால் குடியிருப்புக்குப் புறம்பான பொது இடத்தில் பூட்டியிருக்கட்டும். வெறும் போத்தலை மூன்று தரம் கழுவி, அந்தத் தண்ணீரைத் தாங்கியில் ஊற்றி, போத்தலில் ஓட்டை போட்டுவிடுங்கள். எரிக்கவும் வேண்டாம், வாவியில் எறியவும் வேண்டாம், அதில் மண்ணெண்ணெய் வாங்கவும் வேண்டாம்.

மனம் தளர்ந்து யாராவது பேசினால் தனியே விடாதீர்கள். பக்கத்தில் இருந்து கேளுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

பட்டுவிட்டால் என்ன செய்வது?

தோலில் பட்டால் உடுப்பைக் கழற்றி, சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், பால், இளநீர், புளி எதுவும் கொடுக்க வேண்டாம். மயக்கமானால் இடப் பக்கம் சரித்துப் படுக்க வையுங்கள். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். போத்தலை லேபலோடு கையில் எடுத்துக்கொண்டு போங்கள். டொக்டர் கேட்கும் முதல் கேள்விக்கு அதுதான் பதில்.

மருந்து அடித்த உடுப்பை வீட்டு உடுப்போடு ஊறப்போடாதீர்கள். துவைப்பது பெரும்பாலும் எங்கள் அக்கா தங்கைமார்தான். அவர்களும் கையுறை போட்டுத்தான் துவைக்க வேண்டும். அடித்தவர் பாதுகாப்பாக இருந்து, துவைத்தவர் நோய்ப்படுவது நியாயமா?

கடைசியாக ஒரு கேள்வி

போத்தலைத் திறக்கும் முன்பு உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த நாலு பேர்ச்சுக்கு மருந்து வேண்டுமா? இங்கே நாங்கள் பாத்திக்கு வைக்கோல் போட்டு மூடுகிறோம். தென்னோலையும் போடுகிறோம். மலையில் உங்களுக்கு மானாப் புல் இருக்கிறது, கிளிசரிடியாக் குழை இருக்கிறது. வெயில் படாத இடத்தில் புல் முளைப்பது குறைவு. மிச்சத்துக்குச் சுரண்டி போதும். மாலையில் அரை மணித்தியாலம் குடும்பமாக இருந்து பிடுங்கினால் கதையும் ஆயிற்று, களையும் போயிற்று. அந்தக் கணக்கில் மருந்து சைபர் மில்லிலீற்றர். அதற்கு மூடியும் தேவையில்லை, குப்பியும் தேவையில்லை.

முடியாத இடத்தில் மட்டும் மருந்து. அப்போது லேபல், கயிறு, அளவுக் குப்பி, கையுறை, இந்த நாலும் இல்லாமல் தாங்கியைத் தூக்கக் கூடாது. தோட்டத்து வேலைக்கு அடிப்பவர்கள் கையுறை கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். பிரட்டுக்களத்தில் நாலு பேர் சேர்ந்து கேளுங்கள். ஒருவர் கேட்டால் முறைப்பாடு என்பார்கள், எல்லாரும் கேட்டால் அது வழக்கமாகிவிடும்.

போகும்போது இந்த மேசையிலிருந்து ஆளுக்கொரு அளவுக் குப்பி எடுத்துக்கொண்டு போங்கள். சிவப்புப் பெயின்ற் அடித்தே வைத்திருக்கிறோம். மூன்று மூடிகளையும் நாங்களே வைத்துக்கொள்கிறோம். அடுத்த கூட்டத்தில் காட்டுவதற்கு அவை வேண்டும்.

 வாவி மீன் குழம்பும் சோறும் தயாராக இருக்கிறது. கை கழுவிவிட்டு வாருங்கள், சாப்பிடுவோம்.